இடக்காதுப் பயிற்சி

நல்ல காதில் பஞ்சை அடைத்து, கண்ணை மூடிக்கொண்டு, இடக்காதில் விழும் சொல்லைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பட்டியலை வாசிப்பது மனைவி.

"கதவு," என்றார் மீன்கிடங்குக்காரர்.

அவள் அவர் காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டுச் சிரித்தாள். "நான் இன்னும் வாயவே தொறக்கலீங்க. இதுல கதவுன்னு ஒரு வார்த்தையே இல்ல."

ஒன்பது வயதில் காய்ச்சலில் அவிந்தது அந்த இடக்காது. நாற்பது வருடம் கழித்து, மண்டையைத் துளைத்து உள்ளே கம்பி வைத்து, வெளியே காந்த வில்லை ஒட்டியிருக்கிறார்கள். அதில் எல்லாக் குரலும் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போலத்தான். ஆணா பெண்ணா என்று கூடத் தெரியாது.

இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று கேட்டவர்களுக்கு அவர் மழுப்பினார். பதினொரு வயதில், அப்பாவின் கிடங்கில், குளிர் அறைக் கதவுக்கு இடக்காதைக் காட்டிச் சாய்ந்துகொண்டு படக்கதை படித்தவர் அவர். வலப்பக்கம் இயந்திரம் இரைந்தது. உள்ளே ஏழு வயதுத் தம்பி கை தோலுரியும் வரை கதவைத் தட்டியிருக்கிறான். வீட்டில் யாரும் ஒரு சொல் திட்டவில்லை, பாவிகள், திட்டித் தொலைத்திருக்கலாம். இன்னொருவர் கூப்பிட்டுத் தனக்குக் கேட்காமல் போகக் கூடாது. அதற்குத்தான் கம்பி.

இப்போது கிடங்கு அவருடையது. அதே அறை. மேசையில் உட்கார்ந்தால் போதும், மீன் வாடைக்கும் இயந்திரத்தின் இரைச்சலுக்கும் நடுவே, இடப்பக்கத்திலிருந்து மெல்ல வரும்.

"அண்ணா, கதவத் தொற."

இரண்டு முறை திறந்து பார்த்தார். பெட்டிகள், வெள்ளைப் புகை, வேறொன்றுமில்லை. பிறகு மூன்று நாளாக அந்தப் பக்கமே போகவில்லை. உள்கைப்பிடியில் பனி இறுகினால் கதவு உள்ளிருந்து திறக்காது; அது இறுகாமல் தினமும் காலையில் தட்டிவிடுவது அவர் வேலை. அதையும் விட்டுவிட்டார்.

அன்று மதியம் குரல் ஓயவே இல்லை. அண்ணா. அண்ணா. கதவத் தொற. வில்லையைப் பிய்த்து மேசையில் போட்டார். அப்பாடா, இடக்காது பழையபடி செவிடு. அந்த நேரம் பார்த்து லாரி ஓட்டுநர் கூப்பிட, கைபேசியை வலக்காதில் அழுத்திக்கொண்டு, "சரி சரி, போ," என்று தலையாட்டினார். வைத்ததும் அடித்துப் போட்டது போலத் தூங்கிவிட்டார்.

விழித்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. இடது முழங்கைக்கு அருகே ஒரு தேநீர், ஆடை படிந்து ஆறிப்போய். பக்கத்தில் மனைவியின் கைபேசி.

இருபது வருடமாக எதைச் சொல்வதானாலும் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்து சொல்கிறவள். புதுக் காதை நம்பி இன்று இடப்பக்கம் நின்றே சொல்லியிருக்கிறாள். குளிர் அறைக்குள் போகிறேன் என்று. அவரும் சரி, போ என்றிருக்கிறார்.

ஓடினார். கதவடியில் அவள் செருப்பு.

திறந்தார்.

கதவை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். இமையில் பனி. நகங்கள் இல்லை. மூச்சு இருக்கிறதா? வலக்காதில் இயந்திரம் மட்டும்தான். திரும்பி ஓடினார், வில்லையை எடுத்து வந்து மண்டையில் ஒட்டினார், இடக்காதை அவள் உதட்டருகே வைத்தார்.

அந்த உதடு அசையவில்லை.

"அண்ணா," என்றது குரல், சந்தோஷமாக. "அண்ணி வந்துட்டாங்க."

அதற்குப் பிறகு கதவைத் திறக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.