ஒரே ஒரு பொய் சொல்லுங்கப்பா

டெலிபோன் அலறியது.

ஜெயில் வராந்தாவில் வார்டர் ரிசீவரை எடுத்துக் கேட்டுவிட்டு நீட்டினார்.

"பைண்டரே, உங்க பொண்ணு."

பைண்டர்... அச்சகத்தில் புத்தகம் தைத்தவர். முதலாளியைப் பேப்பர் வெட்டும் கத்தியால் குத்திக் கொன்றதாக ஆயுள் தண்டனை. வயது அறுபத்தொன்பது. உள்ளே வந்து இருபத்தெட்டு வருடம். இதயத்தில் இரண்டு அடைப்பு.

"அப்பா, இன்னிக்குத்தானே விடுதலை போர்டு?"

"பதினோரு மணிக்கும்மா."

"இதுதான் கடைசித் தடவை. இதுலயும் தள்ளிட்டாங்கன்னா..."

"பொணமாத்தான் வருவேன். தெரியும்."

"நாலு தடவையும் 'நான் கொல்லல'ன்னு உண்மையைச் சொன்னீங்க. என்ன ஆச்சு? 'திருந்தவில்லை'ன்னு எழுதிட்டாங்க. இந்தத் தடவை ஒரே ஒரு பொய் சொல்லுங்கப்பா. நான்தான் குத்தினேன்னு அழுங்க. ஜன்னலோரமா உங்களுக்குக் கட்டில் போட்டு வெச்சிருக்கேன்..."

மகள் விசும்பினாள். அவரைக் கைது செய்தபோது அவளுக்கு ஏழு வயது.

'திருந்தவில்லை' என்று எழுதிய அந்த ரெஜிஸ்டரை ஜெயிலில் தைத்துக் கொடுத்தவரும் பைண்டர்தான். என்ன வயிற்றெரிச்சல், பாருங்கள்!

பதினோரு மணி.

நீள மேஜைக்குப் பின்னால் போர்டின் மூன்று பேர். நடுவில் தலைவி, ஓய்வுபெற்ற நீதிபதி. ஓரத்து நாற்காலியில் செத்துப்போன முதலாளியின் தம்பி. அச்சகம் இப்போது அவருடையது.

தம்பி பழைய பல்லவியையே பாடினார்.

"ஆயுள்னா ஆயுள்தாங்கம்மா. எங்கண்ணன் திரும்பி வருவாரா? அப்ப இவனும் வெளிய வரக்கூடாது."

தலைவி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சாகற வரைக்கும் ஒருத்தரைப் பூட்டி வெக்கறதுல எனக்கும் இஷ்டமில்லைங்க. ஆனா செஞ்சதை ஒத்துக்காதவரை எதை நம்பி விடறது? சொல்லுங்க பெரியவரே."

பைண்டர் ஜன்னலோரக் கட்டிலை நினைத்துக்கொண்டார்.

"நான்தாம்மா... குத்தினேன்."

"கத்தி கடைசி வரைக்கும் கிடைக்கலையே. எங்கே போட்டீங்க?"

மகள் சொல்லித் தராத கேள்வி! வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"அச்சகத்துக்குப் பின்னாடி... கிணத்துல."

தம்பியின் முகம் வெளுத்தது.

"அம்மா... பாவம், வயசாயிடுச்சு. போனது போகட்டும், விட்டுடுங்க. எனக்கு ஆட்சேபணை இல்லை."

"அடேங்கப்பா, திடீர்னு என்ன இவ்வளவு இரக்கம்?"

"அதுக்கில்லை... கிணத்தையெல்லாம் எதுக்குத் தோண்டிக்கிட்டு? அண்ணன் செத்த மாசமே மண்ணு கொட்டி மூடியாச்சு."

பைண்டர் மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தார்.

தலைவி விடவில்லை. "சரிபார்க்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

நான்கு நாள் தோண்டினார்கள்.

கத்தி... இருந்தது!

கத்திக்குக் கீழே ஓர் எலும்புக்கூடு. கழுத்தெலும்பில் சங்கிலியோடு ஒரு விசில். கொலை நடந்த அன்று காணாமல் போன அச்சக வாட்ச்மேன். பயந்து ஊரை விட்டே ஓடிவிட்டார் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பது இதுதான்.

ஜெயிலுக்கு இன்ஸ்பெக்டர் வந்தார்.

"கொலையைப் பார்த்த வாட்ச்மேனையும் தீர்த்துட்டே. கத்தி எங்கே கிடக்குன்னு கொன்னவனுக்குத்தானேய்யா தெரியும்?"

"ஆமாங்க. அதான் தோண்ட வேணாம்னு துடிச்சார்."

"யாரு?"

"முதலாளியோட தம்பி."

இன்ஸ்பெக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

"உனக்காக மனசு இறங்கின ஒரே ஆள் அவருதான். அவர் மேலயே பழியா? நன்றி கெட்டவன்யா நீ."

மறுபடி கோர்ட். கூண்டில் ஏறி மகள் கதறினாள்.

"பொய் சொல்லச் சொன்னது நான்தாங்க!"

"பெத்த அப்பனுக்காகப் பொண்ணு வேற எப்படிச் சொல்லும்?" என்றார் அரசு வக்கீல். தம்பி முன்வரிசையில் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நீதிபதி தீர்ப்பை வாசித்து முடித்தார். இன்னோர் ஆயுள் தண்டனை. சாகும்வரை சிறை. இனி போர்டும் கிடையாது.

"ஏதாவது சொல்லணுமா?"

பைண்டர் மகளைப் பார்த்தார். ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீதிபதி பக்கம் திரும்பினார்.

"ஒரே ஒரு சந்தேகம் ஐயா. முதல் ஆயுளுக்கு இப்ப இருக்கற ஜெயில்லயே செத்துடறேன். ரெண்டாவது ஆயுளுக்கு எந்த ஜெயில்ல வந்து ஆஜராகணும்?"