காலி நாற்காலிக்கு ஒரு வரி

அந்தப் பழைய வீட்டு வாசலில் பையை இறக்கியபோது, போட்டோக்காரருக்கு இருந்த ஒரே பயம் மாடிப்படி. படம் எடுப்பது அவர் வேலை. படத்துக்கு அடியில் யார் யாரென்று கையால் எழுதுவது கூடவே வரும் மனைவி. அவரே எழுதினால் கோழியே வந்து கேலி செய்யும்.

கூடத்து ஜன்னல்கள் சாத்தியிருந்தன. புழுக்கத்துக்கு அடியில் தைல வாசனை. இரண்டு மகன்கள், ஒரு மருமகள். நடுவில் ஒரு காலி நாற்காலி.

"அம்மாவுக்கு" என்றார் மூத்தவர். "போன மாசம் தவறிட்டாங்க. சேர்ந்து ஒரு படம்கூட இல்ல. நாற்காலிக்குக் கீழ 'அம்மா'ன்னு எழுதிடுங்க, போதும்."

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. எந்த வீட்டுக்குப் போனாலும் வெளிச்சம் பார்க்க அவளைத்தான் உட்கார வைப்பார். பழக்கதோஷம், அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏய், எழுந்திரு" என்று கிசுகிசுத்தார். "அங்க போயா உக்காருவ?"

"இருங்க. சுகமா இருக்கு."

எழுந்து வந்தாள். அவர் குடும்பத்தை நிறுத்திப் படம் எடுத்தார். குட்டிப் பிரிண்டர் அதைத் துப்பியது.

நாற்காலியில் அவள் இருந்தாள்.

"மெஷினுக்கும் என்னை மாதிரி வயசாயிடுச்சு" என்று சிரித்துவிட்டு மறுபடி எடுத்தார். லென்ஸ் வழியே நாற்காலி காலி. படத்தில் அவள். இம்முறை தலை நரைத்திருந்தது.

"எழுதாத!" என்று மனைவி பக்கம் திரும்பினார்.

முதல் படத்தின் அடியில் மை காய்ந்துகொண்டிருந்தது: அம்மா.

பேனாவை வைத்துவிட்டு அவள் நாற்காலியை நோக்கி நடந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மெல்ல உட்கார்ந்தாள். சின்னவன் மடியில் தலை சாய்த்தான். யாரும் சொல்லித்தராத செல்லப் பெயரால் அவனை அழைத்தாள்.

"வாம்மா, வீட்டுக்குப் போகலாம்." மனைவியின் கையைப் பிடித்தார். அவள் மேல் தைல வாசனை வீசியது.

வேற்று ஆளிடமிருந்து விடுவிப்பதுபோல் நாசூக்காகக் கையை எடுத்துக்கொண்டாள்.

"வேலை முடிஞ்சுதா தம்பி? பாத்துப் போங்க."

அவர் கத்தினார், இழுத்தார், காலில்கூட விழுந்தார். மகன்கள் கோபப்படவில்லை. அதுதான் கொடுமை. மரியாதையாகத் தோளைப் பிடித்து வெளியே கொண்டுவந்தார்கள்.

"அழாதீங்க சார்" என்றார் மூத்தவர், பையை நீட்டியபடி. "தனியாவா வந்தீங்க?"

கதவு சாத்தப்பட்டது.

தட்டித் தட்டிக் கை ஓய்ந்தபின் வெயிலில் நின்று, கசங்கிப்போன இரண்டாவது படத்தைப் பார்த்தார். நரைத்த தலைக்குக் கீழே கன்னத்தில் ஈரம். தன் கண்ணீர்தான் சொட்டியிருக்கும் என்று சட்டை நுனியால் துடைத்தார்.

மறுபடி நனைந்தது. அவள் கண்ணிலிருந்து.