மிதித்தால் அடங்கும் சத்தம்

கடை வாசலில் சுவரோடு சாய்த்து வைத்திருந்த சைக்கிள், யாரும் தொடாமலே ஒரு தடவை கடகடத்தது.

பெரிய சத்தமில்லை. தகர டப்பாவில் கூழாங்கற்களைப் போட்டு ஒருமுறை குலுக்கினால் வருமே, அவ்வளவுதான். மழை விட்டு, கூரைத் தகரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த மதிய நேரம். செயின் எண்ணெய் நாற்றத்துக்கு நடுவே குனிந்திருந்தவள் தலை நிமிர்ந்தாள். சைக்கிளுக்குப் பக்கத்தில் அதைக் கொண்டுவந்த தச்சர் நின்றிருந்தார். கைப்பிடியிலிருந்து எப்போதோ கையை எடுத்துவிட்டிருந்தார்.

மலைப்பாதையில் ஓட்டுகிற மின்சார சைக்கிள்கள்தான் அந்தக் கடையில் நிறைய வரும். மலைச்சரிவில் தனியாக நிற்கும் கட்டடம். கீழே கடை, மாடியில் வீடு. புருஷனும் பெண்டாட்டியுமாகத்தான் வேலை. ஓட்டிப் பார்ப்பது அவன் பொறுப்பு, கேட்டுச் சொல்வது அவள் பொறுப்பு. நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை மோட்டார் மேல் வைத்து, பிடியைக் காதில் அழுத்தி, உள்ளே என்ன நடக்கிறதென்று சொல்லிவிடுவாள். ஊரில் அவளுக்குப் பெயரே காது டாக்டர்.

"இறக்கத்துல மிதிக்காம விட்டா கடகடன்னு வருது. மிதிச்சா நின்னுடுது, அப்படித்தானே?" என்றாள்.

"ஆமா."

"மோட்டாருக்குள்ள கிளட்ச் கொஞ்சம் லூசாத்தான் இருக்கும். மிதிக்கும்போது இறுகிக்கும், விட்டா ஆடும். இது நோய் இல்லங்க, பிறவிக்குணம்."

வழக்கமாக இதற்கு ஆட்கள் சிரிப்பார்கள். தச்சர் சிரிக்கவில்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம், ஒரு இடத்தில் நிற்காத கால்கள்.

"சரியானா சொல்லி அனுப்புங்க" என்றவர், தெருவில் இறங்கியதும் திரும்பினார். "வேணாம். சொல்லவே வேணாம்."

கணவன் அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னாலிருந்த கல்பாதையில் ஒரு சுற்று போய் வந்தான். வந்தவன் முகம் ஒரு மாதிரி இருந்தது.

"சமதளத்துலயும் வருது. என்னமோ நம்ம கூடவே சவாரி வர்ற மாதிரி இருக்கு."

"பேய்க்கதை சொல்லாம ஸ்டாண்டுல ஏத்துங்க."

சத்தம் பிடிக்க ஒரே வழிதான் அவளுக்குத் தெரியும். சந்தேகமானதை ஒவ்வொன்றாகக் கழற்று, தட்டில் வரிசையாக வை, மறுபடி ஆட்டிக் கேள். இல்லையென்றால் அடுத்தது. பேட்டரிப் பூட்டில் ஆட்டம் இல்லை. சட்டத்துக்குள் ஓடிய வயர்களுக்குப் பஞ்சு சுற்றினாள், சத்தம் போகவில்லை. மிதிக்கட்டை, செயின், சக்கரம், கடைசியில் மோட்டாரையே இறக்கி மேசையில் வைத்தாள். தட்டு நிறைந்தது. ஸ்டாண்டில் வெறும் சட்டம் மட்டும் எலும்புக்கூடு மாதிரி தொங்கியது. அவள் அதைப் பிடித்து உலுக்கினாள். அமைதி. மோட்டாரைக் கையில் எடுத்து உலுக்கினாள். அதுவும் அமைதி.

"அப்பாடா, போயிடுச்சு" என்று கணவன் கதவோரம் வந்து நின்றான்.

கடகட.

இருவரும் சட்டத்தைப் பார்த்தார்கள். அது அசையவில்லை. அவன் ஒரு எட்டு எடுத்து வைத்தான். சத்தம் நின்றது. நின்றான். வந்தது. முதலில் இருவருக்கும் சிரிப்புதான் வந்தது. அவள் விளையாட்டாக ஸ்க்ரூடிரைவர் நுனியை அவன் முதுகில் வைத்து, பிடியில் காதை அழுத்தினாள். இதயம் அடிப்பது கேட்டது. அதற்குப் பின்னால், இன்னும் ஆழத்தில், தளர்ந்த ஏதோ ஒன்று எதன் மீதோ மோதிக்கொண்டிருந்தது. ஸ்க்ரூடிரைவரைச் சட்டென்று எடுத்துவிட்டாள்.

அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போனாள். அவர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார், படம் எடுத்துப் பார்த்தார், எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்றார்.

"உங்களுக்குக் கேக்கலையா டாக்டர்? இதோ, இப்பக்கூட வருதே!" என்றாள்.

டாக்டர் அவனை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். தூக்க மாத்திரை எழுதிக்கொடுத்தார். இருவருக்கும்.

அதற்குப் பிறகு அவன் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சத்தம் கூடியது. படுத்தால் கட்டிலே அதிர்ந்தது. நடந்தால் மட்டும் அடங்கியது. நடந்துகொண்டே சாப்பிட்டான், சுவரைத் தடவிக்கொண்டே கண்ணயர்ந்தான், முட்டி மடங்கி விழப்போகும்போது திடுக்கிட்டு மறுபடி நடந்தான். பாதங்கள் வெடித்து, தரையில் ஈரத் தடம் விழுந்தது. அவள் அவன் தோளுக்குக் கீழே தன் தோளைக் கொடுத்துக் கூடவே நடந்தாள். மாத்திரையைக் கரைத்துக் கொடுத்தாள். பட்டையால் நெஞ்சை இறுக்கிக் கட்டினாள். சாமியைக் கும்பிட்டாள். எதுவும் எடுபடவில்லை.

"என்னைத் தூங்க வைம்மா" என்று அழுதான். "ஒரே ஒரு நிமிஷம். நீ எத்தனை சத்தத்தைக் கண்டுபிடிச்சிருக்க? இது ஒண்ணு எங்கேன்னு சொல்ல முடியலையா?"

"கண்டுபிடிக்கறேங்க. கண்டிப்பா கண்டுபிடிக்கறேன்."

ஸ்க்ரூடிரைவரை அவன் முட்டியில் வைத்தால் சத்தம் இடுப்பில் கேட்டது. இடுப்பில் வைத்தால் விலாவில். விலாவில் வைத்தால் தாடையில். அவள் தேடுவது அதற்குத் தெரிந்திருந்தது.

மூன்றாம் நாள் வெயில் சாயும் நேரத்தில் அவனைக் கீழே கடைக்குள் நடக்கவிட்டுவிட்டு, மாடிக்கு ஓடித் தச்சருக்குப் போன் போட்டாள். தரைக்குக் கீழே அவன் கால்கள் தேய்த்துத் தேய்த்துப் போய்வரும் ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது. வெகுநேரம் மணி அடித்த பிறகு ஒரு பெண் எடுத்தாள்.

"தச்சர் இருக்காரா? நான் சைக்கிள் கடையிலேர்ந்து பேசறேன்."

"இருக்காரு." களைத்த குரல். "நான் அவரு சம்சாரம். சொல்லுங்க."

"அம்மா, அவருக்கும் சத்தம் வந்துச்சா? உடம்புக்குள்ள?"



"வந்துச்சு. இப்ப இல்ல."

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. "எப்படிம்மா போச்சு? என்ன பண்ணீங்க? உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், சொல்லுங்க."

"அன்னைக்குக் கிளம்பற மாதிரி கிளம்பி, உங்க கடை ஜன்னல் வழியா நின்னு பார்த்தாராம், நீங்க எப்படிச் சத்தம் பிடிக்கறீங்கன்னு. வந்து சொன்னாரு." அந்தப் பெண் விசும்பினாள். அல்லது சிரித்தாள். "ஒவ்வொண்ணா கழட்டினோம். எல்லாத்தையும் கழட்டியாச்சு. இப்ப அமைதியா இருக்காரு."

"எதைக் கழட்டினீங்க?"

போனைக் காதோடு இன்னும் அழுத்தினாள்.

"அம்மா, எதைக் கழட்டினீங்க?"

போன் செத்துப்போயிருந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கீழே காலடி ஓசை இல்லை.

எவ்வளவு நேரமாக இல்லை? தெரியவில்லை. கடகடப்பும் இல்லை. தரையில் காதை வைத்தாள். ஏதோ உலோகம். தட்டில் சின்னதாக ஒன்று விழும் ஓசை. டிங். கொஞ்சம் இடைவெளி. ஒரு முனகல். டிங்.

படிகளில் சறுக்கினாள். முட்டி கிழிந்தது. எழுந்தாள்.

கடைக் கதவு ஒருக்களித்திருந்தது. எண்ணெய் நாற்றம். அதோடு இன்னொரு நாற்றம், துருப்பிடித்த ஈர இரும்பு போல. உள்ளே விளக்கு எரிந்தது.

"ஏங்க?"

தள்ளினாள்.

அவன் அசையாமல் நின்றிருந்தான். நாள்கணக்காக நடந்தவன் நின்றிருந்தான். கையில் குறடு. தட்டில் அவனுடைய பற்கள், இடமிருந்து வலமாக, கழற்றிய வரிசையில், ஒன்றோடொன்று ஒட்டாமல். ஒழுங்காக.

சட்டை இல்லை. போல்ட்டில் அடையாளம் போடுகிற வெள்ளை மார்க்கரால் ஒவ்வொரு விலாவின் மேலும் ஒரு கோடு போட்டிருந்தான். தலையைச் சாய்த்து, மூச்சைப் பிடித்து, கேட்டான்.

கடகட.

அவளைப் பார்த்ததும் அவன் முகம் குழந்தையைப் போல மலர்ந்தது. வாய் முழுக்கச் சிவப்பு.

"பல்லுல இல்லம்மா" என்றான் குழறலாக. குறட்டைத் துடைத்து, பிடி அவள் பக்கம் இருக்கும்படி நீட்டினான். "அடுத்தது எனக்கு எட்டாது. நீ கழட்டு."