பெஞ்சின் ஓரத்து இடம்

சிற்றம்பலம் பசறைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்துக்குப் பெரிய கிளாக்கராக மாற்றலாகி வந்தபோது, தொண்ணூற்றேழாம் ஆண்டின் மழைக்காலம் தொடங்கியிருந்தது. அவருக்குக் கொடுத்த குவாட்டர்ஸ் பழையது. தகரக் கூரை. சமையலறையை ஒட்டி, வேலைக்காரர் படுக்க ஒரு சின்ன அறை.

அவர் மனைவி சரோஜினி அந்தக் கதவைத் திறந்ததும் ஈரக் கம்பளியின் வாசம் முகத்தில் அடித்தது. உள்ளே கம்பளி எதுவும் இல்லை.

"இதில ஆர் இருந்தது?"

சமையல் உதவிக்கு தொழிலாளர் லயத்திலிருந்து வந்திருந்த றோசாலி, தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. "முந்தி இங்க வேலை செஞ்ச லூர்தம்மா அக்காங்க. காய்ச்சல்ல செத்துப் போயிருச்சு."

"ஏன், மருந்தெடுக்கேல்லையோ?"

"அப்ப இருந்த அம்மா விடலைங்க. ஆபிசய்யா வீட்டு ஆளு டிஸ்பென்சரி பெஞ்சில போயி உக்காந்தா மரியாதை இல்லையாம்."

"சீ! என்ன மனிசியப்பா" என்றாள் சரோஜினி. அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மழை நிற்கவில்லை. லயங்களில் காய்ச்சல் பரவியது. ஒரு பிற்பகல், பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் சிவரூபி சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் சுருண்டாள். காலையில் துள்ளிக்கொண்டு போன பிள்ளை. நெற்றி கொதித்தது, குளிரில் பல் அடித்தது, கைகால் நோகிறது என்று அழுதாள். வறட்டு இருமல்.

சளிக்காய்ச்சல்தான். சரோஜினி பதறவில்லை. அளவாகப் பனடோல் மாத்திரை கொடுத்தாள். கொத்தமல்லித் தண்ணீரும் கஞ்சியும் அடிக்கடி பருக்கினாள். எழும்பவிடாமல் படுக்க வைத்தாள். எல்லாம் சரியாகத்தான் செய்தாள்.

பொழுது சாயும் நேரம் சிவரூபி இருமினாள்.

சுவருக்கு அப்பால், பூட்டிய அறையிலிருந்து இன்னொரு இருமல் பதில் சொன்னது.

சரோஜினி சாவியைத் தொட்டுப் பார்த்தாள். இடுப்பில்தான் இருந்தது.

சிவரூபி இருமும்போதெல்லாம் அதுவும் இருமியது. பிள்ளையின் காய்ச்சல் தணிந்து, பாணும் கேட்டுச் சாப்பிட்ட நாளில் அந்தச் சத்தமும் நின்றது. மழைக்குத் தகரம் எழுப்பிய சத்தமாக இருக்கும் என்று சரோஜினி தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் மலையிலிருந்து மூடுபனி இறங்கி வீட்டைச் சுற்றி நின்றது. சிவரூபி நிம்மதியாகத் தூங்கினாள்.

அறைக்குள்ளிருந்து இருமல் கேட்டது.

இந்த முறை அது முந்திக்கொண்டது. பிள்ளை இருமவே இல்லை. சரோஜினி ஓடிவந்து நெற்றியைத் தொட்டாள். விட்ட காய்ச்சல் திரும்ப ஏறியிருந்தது.

சாப்பாட்டுக்கு வந்த சிற்றம்பலம் வாசலில் நின்றபடியே பார்த்தார்.

"டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோவமே?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

"அந்தச் சனத்துக்குள்ள போய் நாங்களும் குந்திக்கொண்டிருக்கிறதோ? நாளைக்கு ஆபிசில ஒருத்தனும் என்னை மதியான். ஞாயிற்றுக்கிழமை பதுளைக்குப் போய் நல்ல டொக்டரிட்டக் காட்டுவம்."

அவள் மறுக்கவில்லை. அந்தப் பெஞ்சில் உட்கார அவளுக்கும் கூச்சமாக இருந்தது. அவர் குடையை விரித்துக்கொண்டு போனார்.

வீடு அமைதியானது.

"அம்மா" என்றாள் சிவரூபி, கண் திறக்காமல். "அந்த அன்ரியும் என்னை மாதிரித்தான் மூச்சு விடுறா."

"எந்த அன்ரி?"

பிள்ளை மறுபடி மயக்கத்தில் ஆழ்ந்தாள்.

சரோஜினி காதைக் கொடுத்துக் கேட்டாள். கட்டிலில் ஒரு மூச்சு. சுவருக்கு அப்பால் ஒரு மூச்சு. இரண்டும் ஒரே வேகம். ஓடிக் களைத்த நாயின் வேகம்.

அவள் போர்வையை விலக்கினாள். ஒவ்வொரு மூச்சுக்கும் பிள்ளையின் விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்ளே குழிந்தது. உதட்டோரம் நீலம் படர்ந்திருந்தது. வாயில் விட்ட தண்ணீர் கன்னத்தில் வழிந்தது.

ஈரக் கம்பளி வாசம் கட்டிலருகே வந்து நின்றது.

சுவருக்கு அப்பால் அந்த மூச்சு தடுமாறியது. இழுத்தது. மறுபடி இழுத்தது.

நின்றது.

கட்டிலில் ஒரு மூச்சு மட்டும் மிஞ்சியிருந்தது.

சரோஜினி பிள்ளையை வாரி எடுத்தாள். செருப்பில்லாமல், பனிக்குள் இறங்கி ஓடினாள். பின்னால் ஈர மண்ணில் இன்னொரு காலடி அவளோடு ஓடிவந்தது. திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை.

டிஸ்பென்சரி விறாந்தையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவளைக் கண்டதும் பேச்சு நின்றது. "அடியே, கிளாக்கரம்மாடி" என்று யாரோ கிசுகிசுத்தாள். சரோஜினிக்கு முகம் எரிந்தது. பெஞ்சின் ஓரத்தில் ஓரிடம் காலியாக இருந்தது. அங்கே போனாள்.

"அங்க வேணாங்கம்மா, ஆளு இருக்கு" என்றாள் ஒரு கிழவி. பிறகு பிள்ளையின் உதட்டைப் பார்த்தாள். "ஐயோ! உள்ள போங்க, மொதல்ல நீங்க போங்க!" எல்லோரும் எழுந்து வழிவிட்டார்கள்.

மருந்து கொடுக்கும் யேசுரத்தினம் பிள்ளையின் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார். "காய்ச்சல் விட்டுட்டுத் திரும்பி வந்துச்சா?"

"ஓம்."

"சளிக்காய்ச்சல் அநேகமா வீட்டிலயே மாறிரும். ஆனா திரும்பி வந்து இப்பிடி மூச்சு வாங்குச்சுன்னா, நெஞ்சுல எறங்கிருச்சுன்னு அர்த்தம். அதுக்கு மேல ஒரு நிமிசம் வச்சிருக்கக் கூடாதும்மா." தலையை வெளியே நீட்டிக் கத்தினார். "டேய், லொறிய எடுக்கச் சொல்லு, பதுளைக்கு!" பிறகு அவளிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "இங்கிட்டுத்தானே இருக்கீங்க. ஏன் வரல?"

அவள் தன் சேற்றுக் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சிவரூபி பிழைத்தாள். பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து மெலிந்து, சிரித்துக்கொண்டு வந்தாள்.

அதன்பின் சரோஜினிக்கும் இருமல் பிடித்தது. "நான் போயி மருந்து வாங்கியாறேங்கம்மா" என்றாள் றோசாலி. வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சரோஜினியே டிஸ்பென்சரிக்குப் போனாள். கொழுந்துக்காரிகள் நெருங்கி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். ஓரத்து இடத்தை மட்டும் எப்போதும்போல விட்டிருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வெயில் நன்றாக எறித்தது. ஈரக் கம்பளி வாசம் வந்தது.

சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சரோஜினி இருமினாள்.

காலியான அந்த ஓரத்திலிருந்து பதில் வந்தது.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சரோஜினி தலையைக் குனிந்துகொண்டு, இன்னும் கொஞ்சம் தள்ளி இடம் விட்டாள்.