இடது பக்கத்து ஸ்பீக்கர்

பாட்டு முடிந்த பிறகும் இடது பக்கத்து ஸ்பீக்கர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

பெலிக்ஸ் முதலில் அதை எர்த் கோளாறு என்றுதான் நினைத்தான். வாடகை வீட்டு வயரிங்கை நம்பி எதைத்தான் மாட்ட முடியும்? ஆனால் எர்த் கோளாறு ஒரே சீராக உறுமும். இது அப்படியில்லை. உள்ளே இழுத்தது, சற்று நின்றது, மெல்லிய விசில் ஒன்றோடு வெளியே விட்டது. சனிக்கிழமை மதியம், ஒன்றரை மணி. அடுப்படியிலிருந்து காலையில் வைத்த ரசத்தின் வாசனை, மேசையிலிருந்து புதிதாகப் பற்றவைத்த ஈயத்தின் நெடி, தெருவில் சின்ன வெங்காயம் விற்கும் வண்டியின் குழாய் ஸ்பீக்கர். பயப்படுகிற நேரமே இல்லை அது.

மறுநாள் அவன் மனைவி இசைவாணியின் முதலாமாண்டு நினைவு. கோயிலில் பூசை முடிந்து சொந்தக்காரர்கள் வீட்டுக்கு ஜெபத்துக்கு வருவார்கள். அவர்கள் அவள் பாடுவதை ஒருமுறை நன்றாகக் கேட்க வேண்டும் என்றுதான் இவ்வளவும். அவள் தம்பி பிராங்க்ளின் ஓர் ஆபீஸ் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரைத் தேடிப் பிடித்துக் கொடுத்தான். அதிலிருந்து வரும் பாட்டைத் தெளிவாக்கித் தர, தீப்பெட்டி அளவில் டாக் என்றொரு கருவி. ஊர்க்காரர் ஒருவர் கையால் பூட்டிய ஆம்ப்ளிஃபையர். ஆசாரி அடித்துக் கொடுத்த இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். அதிர்வு தரையில் இறங்காமலிருக்கப் பெட்டிக்கு அடியில் செங்கல், செங்கல்மேல் சைக்கிள் டியூப் துண்டு. இரண்டு பெட்டியிலிருந்தும் நாற்காலிக்கு ஒரே தூரம் இருக்க வேண்டுமென்று இசைவாணியின் தையல் டேப்பால் அளந்து வைத்திருந்தான்.

காலையில் கிளம்பும்போது பிராங்க்ளின் சொல்லிவிட்டுத்தான் போனான். "மாமா, ரெண்டு மணிக்கு கரண்ட நிப்பாட்டிருவாய்ங்க, லைன் வேலையாம். யூபிஎஸ் பத்து நிமிசந்தான் தாங்கும். அதுக்குள்ள எல்லாத்தையும் ஆஃப் பண்ணிருங்க."

அவள் குரல் என்று மிஞ்சியது ஒரே ஒரு பதிவு. மகள் தீபாவைத் தூங்கவைக்க அவளே கட்டிய தாலாட்டு, இரண்டரை நிமிடம், போனில் எடுத்தது. பின்னால் ஒரே மின்விசிறி இரைச்சல். கம்ப்யூட்டரில் அதற்கு வழி உண்டு. யாரும் பாடாத இடமாகப் பார்த்து மூன்று வினாடியைத் தேர்ந்தெடுத்து, இதுதான் இரைச்சல் என்று காட்டிவிட்டால் போதும், அதே சத்தம் எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் துடைத்துவிடும். நேற்று பெலிக்ஸ் பாட்டு தொடங்குவதற்கு முந்தைய மூன்று வினாடியைக் காட்டினான். துடைத்ததைப் பழைய பதிவின் மேலேயே சேமித்தும் விட்டான். போன் எப்போதோ பழுதாகிப் போய்விட்டது.

இன்று ஸ்பீக்கரில் கேட்டபோதுதான் தெரிந்தது. பாட்டு சுத்தமாக இருந்தது, அளவுக்கு மீறிச் சுத்தமாக. வரிக்கும் வரிக்கும் நடுவே அவள் மூச்சே எடுக்கவில்லை. அவன் இரைச்சல் என்று காட்டியது மின்விசிறியின் சத்தம் மட்டும் இல்லை. பாடுவதற்கு முன் அவள் இழுத்த மூச்சும்தான். வீசிங்கில் தவித்த அந்த மூச்சு.

அழுகையாக வந்தது அவனுக்கு. நூல் மில்லில் நாள் முழுக்க இயந்திரச் சத்தத்தில் நிற்கிறவனுக்கு வீட்டிலாவது அமைதி வேண்டுமென்று, அவளுடைய இழுப்பு கேட்காத முன்னறையில் போய்ப் படுத்துக்கொள்வான். கடைசி ராத்திரி அவள் கூப்பிட்டாள். "ஏங்க, கதவச் சாத்தாதீங்க. செத்த நேரம் கூட உக்காருங்க."

"காலைல ஷிப்டு இருக்குல்ல," என்று சாத்தினான்.

விடிந்து எழுந்தபோது சத்தம் எதுவும் இல்லை. அப்பாடா என்றிருந்தது. அந்த ஒரு அப்பாடாவைத்தான் இந்த ஒரு வருடமாக அவனால் யாரிடமும், பாதிரியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூட, சொல்ல முடியவில்லை.

இப்போது கம்ப்யூட்டரில் எந்தப் பாட்டும் ஓடவில்லை. ஆனாலும் ஸ்பீக்கர் இழுத்தது. விட்டது. இழுப்பின் முடிவில் வந்த அந்த விசிலை அவனுக்குப் பத்து வருடமாகத் தெரியும்.

ஏழு வயது தீபா இடது ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். பூப்போட்ட கவுன். ஸ்பீக்கர் இழுத்தபோது கவுன் மேலே எழுந்தது. விட்டபோது தாழ்ந்தது. தற்செயலாக இருக்கும் என்று எண்ணிப் பார்த்தான். ஐந்து முறை. பத்து முறை. ஒருமுறைகூடத் தப்பவில்லை.

ஆம்ப்ளிஃபையரின் வால்யூமைக் குறைத்தான். தீபாவின் மூச்சு மேலோட்டமானது. இன்னும் குறைத்தான். அவள் விரல்கள் பாயைப் பிறாண்டின.

சட்டென்று அவள் பக்கம் திரும்பியதில் கை தட்டி டாக்கின் வயர் கழன்றது.

நிசப்தம். அன்று விடிந்தபோது இருந்த அதே நிசப்தம். கவுன் அசையவில்லை. "தீபா! ஏ பிள்ள, தீபா!" உலுக்கினான். உதடு நீலம் பாரித்தது. வயரைத் துழாவித் திரும்பச் செருகினான்.

ஸ்பீக்கர் நீளமாக இழுத்தது. பிள்ளையின் நெஞ்சு நிமிர்ந்தது. கண் மட்டும் திறக்கவில்லை.

பிராங்க்ளினுக்குப் போன் போட்டான். "மாப்ள, பிள்ளைக்கு மூச்சு... ஆஸ்பத்திரிக்கு... சீக்கிரம் வா."

"பதறாதீங்க மாமா. ஆட்டோவோட வாரேன். வாசல்ல தூக்கி வச்சுக்கிட்டு நில்லுங்க."

தூக்கினான். இரண்டு எட்டு வைப்பதற்குள் மூச்சு நூலாக மெலிந்தது. மூன்றாவது எட்டில் நின்றது. ஓடிவந்து பாயில் கிடத்தினான். பெட்டியை அவள் தலைமாட்டுக்கு நகர்த்தினான். மணி ஒன்று ஐம்பத்தெட்டு.

"இசை," என்றான் ஸ்பீக்கரைப் பார்த்து. "நான் செஞ்சது தப்புத்தான். எம்மேல கோவத்தக் காட்டு. அவ என்ன பாவம் பண்ணா?"

அது இழுத்தது. விட்டது. கோபம் எதுவும் தெரியவில்லை அதில். அவளுக்கு முடியவில்லை, அவ்வளவுதான்.

மின்விசிறி நின்றது.

தெருவே அடங்கியது. மேசைக்கடியில் யூபிஎஸ் கீ என்றது. நல்லவேளை, ஆம்ப்ளிஃபையரையும் அதிலேதான் செருகியிருந்தான். பத்து நிமிடம். கீ. இழுப்பு. கீ. விசில். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். இந்த முறை எழுந்து போகவில்லை.

கீ. கீ.

ஆட்டோவைக் காணோம்.

கீ கீ கீ கீ.

திரை அணைந்தது. ஆம்ப்ளிஃபையரின் சிவப்பு விளக்கு மங்கியது. ஸ்பீக்கர் ஒரு மூச்சை இழுத்தது. அதை விடவில்லை.

பெலிக்ஸ் காத்திருந்தான்.

தீபா கண்ணைத் திறந்தாள். வாயைத் திறந்தாள். தாலாட்டு வந்தது.

இசைவாணியின் குரல். சுத்தமான குரல். முதல் வரி. இரண்டாவது வரி. நடுவில் இடைவெளி எதுவும் இல்லை. பூப்போட்ட கவுன் அசையவில்லை. இரண்டரை நிமிடம் முடிந்தது. மறுபடியும் முதல் வரி.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. "மாமா, கதவத் திறங்க," என்று பிராங்க்ளின் தட்டினான். பெலிக்ஸ் எழுந்திருக்கவில்லை. குனிந்து, மகளின் நெஞ்சில் காதை வைத்தான்.

பாட்டு மட்டும்தான் கேட்டது.