மாடத்தியின் கழுத்துவலி

கழுத்தைத் திருப்ப முடியவில்லை. பிடரியிலிருந்து தோள்பட்டை வரை கம்பி போட்டு முறுக்கியதுபோல வலி. ஆனாலும் ராசக்கனி தைலத்தைத் தொடவில்லை. தைலம் போட்டால் தேய்மானியில் அளவு குறைந்துவிடும் என்று உப்பளத்தில் ஒரு பேச்சு. அதெல்லாம் இல்லை என்கிறார்கள் அதிகாரிகள். அவர்கள் கழுத்தா வலிக்கிறது?

பணம் அதிகம் கேட்டவனுக்கே அளத்தைக் குத்தகைக்கு விட்ட காலம் போய்விட்டது. இப்போது கேட்கும் விலைக்குப் பாதி மதிப்பு, கேட்கிறவரின் உடம்புக்குப் பாதி. தேய்மானியின் தகட்டில் வெறுங்காலோடு ஏறி நின்றால் போதும். கழுத்தெலும்பும் முட்டியும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று பார்த்துவிடும். உப்பு சுமந்து தேய்ந்ததா, மாடிப்படி ஏறித் தேய்ந்ததா என்றும் பிரித்துவிடும். உழைத்த உடம்புக்கே அளம். நல்ல சட்டம்தான். அது வந்த மறுவாரமே சுமக்கிறவர்களே உப்புத் தள்ளும் வண்டிகளை வேலியோரம் கவிழ்த்துப் போட்டுவிட்டார்கள். வண்டியில் தள்ளினால் கழுத்து எப்படித் தேயும்?

ஏலக் கொட்டகையில் ராசக்கனிக்கு முன்னால் மாடத்தி நின்றாள், இடுப்பில் பிள்ளையோடு. இருவரும் ஒரே அளத்தில் ஜோடியாகச் சுமந்தவர்கள். கேட்பதும் அந்த அளத்தைத்தான். சேர்ந்து கேட்க வழியில்லை. ஓர் அளத்துக்கு ஓர் உடம்பு என்பது சட்டம். ஒரே சங்கத்தின் கடனை நம்பி வந்ததால் இருவர் எழுதிக் கொடுத்த விலையும் ஒன்றே. இனிக் கழுத்துதான் பேச வேண்டும்.

“யக்கா, யாருக்குக் கெடச்சாலும் மத்தவளுக்கு அங்க வேலை உண்டு. என்ன?”

“உண்டுட்டி. முன்னால பாத்து நில்லு.”

பின்னாலிருந்து ஒரு கிழவர் குரல் கொடுத்தார். “பிள்ளையோட ஏறாத தாயி. அதுக்கும் சேத்துக் குத்தகை எழுதிருவாவ!”

வரிசை சிரித்தது. மாடத்தி பிள்ளையை ராசக்கனியிடம் நீட்டினாள். கொழுகொழுவென்று இருந்தது. அதன் கால் ராசக்கனியின் தோளில் பட்டதும் வலி சுரீரென்று ஏறியது.

போன பருவத்தில் இந்தப் பிள்ளை கைக்குழந்தை. மரத்தடித் தொட்டிலில் அது அழும்போதெல்லாம், “நீ போய்ப் பால் குடு, ஒம் பெட்டிய நான் பாத்துக்கிடுதேன்” என்று இரண்டு பேர் சுமையையும் ராசக்கனியே சுமந்தாள். முதல் மாதம் அது இரக்கம்தான். அப்புறம் தேய்மானியை வைத்து இரண்டாவது முன்னோட்டம் பார்த்தார்கள். முதல் தடவை மாடத்தியைவிடக் கீழே கிடந்த ராசக்கனியின் அளவு இப்போது மேலே ஏறி ஒட்டி நின்றது. அன்றைக்கே அவளுக்கு விளங்கிவிட்டது. பிள்ளை கஞ்சி குடிக்கத் தொடங்கிய பிறகும், “உக்காருட்டி, பச்ச ஒடம்பு” என்று பெட்டியைப் பிடுங்கினாள். தேய்ந்தால்தான் அளம் என்பது மாடத்திக்கும் தெரியும். ஆனால் சுமையைப் பிடுங்குவதும் களவு என்று அவளுக்குத் தோன்றவில்லை. கும்பிட்டாள்.

மாடத்தி ஏறி இறங்கினாள். ராசக்கனி ஏறினாள். தகடு உள்ளங்காலில் சில்லென்றது.

“அசையாதீங்கம்மா,” என்றார் அதிகாரி. திரையைப் பார்த்தார். “மயிரிழைதான் வித்தியாசம். ராசக்கனி, அளம் உங்களுக்கு.”

மாடத்தியின் முகம் ஒரு கணம் சுண்டியது. பிறகு அவளே வந்து கையைப் பிடித்தாள்.

“வெளியாளு கைக்குப் போவலியே, அதுபோதும். ஒரு பருவம் பூரா எனக்காவச் சொமந்தியேக்கா. அதுக்குக் கூலி வாங்காமச் சொமந்து கழிச்சிருதேன்.”

குத்தகைக்காரி சுமப்பதில்லை. சுமக்கிற கழுத்துத்தான் அடுத்த ஏலத்தில் பேசும். இது மண்டையில் உறைப்பதற்கு முன்னமே ராசக்கனியின் வாய் பேசிவிட்டது.

“தலையில எதுக்குட்டி? வேலியோரம் வண்டி கெடக்குல்லா. தள்ளிக்கிட்டுப் போ.”

“ஒம் மனசு ஆருக்குக்கா வரும்!” மாடத்தியின் கண் நிறைந்துவிட்டது.

இரக்கத்தில் சொன்னதா, களவில் சொன்னதா என்று ராசக்கனிக்கே தெரியவில்லை. தேய்மானிக்கு அதை அளக்கத் தெரியாது. வீட்டுக்கு வந்து தைலத்தை அழுத்தித் தேய்த்தாள். வலி அசையவில்லை. அசையாது, அது அவளுடையது அல்ல. மாடத்திக்கு அவள் ஒரு பருவத்துக் கழுத்துவலி கடன்பட்டிருக்கிறாள். இன்னும் கொடுக்கவில்லை.