செல்லாத பேச்சு

காலை எட்டு மணிக்கு இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் கீரைப் பொரியல், கொஞ்சம் வேர்க்கடலைச் சட்னி. பதினொரு மணிக்குப் பனீர். மதியம் சோற்றுக்குப் பதில் துருவி வதக்கிய காலிஃபிளவர். எட்டு மாதமாக வசுமதியின் சாப்பாடு இதுதான். சமைப்பது நாத்தனார் மரகதம். சாப்பிட்டு முடித்துக் கொஞ்ச நேரம் கழித்து இருவரும் வசுமதியின் மணிக்கட்டில் ஒட்டியிருக்கும் சர்க்கரைமானியைப் பார்ப்பார்கள். கோடு மேடு பள்ளம் இல்லாமல் ஓடும். மரகதத்துக்கு முகமெல்லாம் சிரிப்பாகிவிடும்.

வசுமதிக்குப் பின்னிறக்கக் கோளாறு. இட்லியோ பொங்கலோ சாப்பிட்டால் சர்க்கரை விறுவிறுவென்று ஏறி, இரண்டு மணி நேரத்தில் தொபுக்கடீரென்று இறங்கிவிடும். கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், வாய்க்கு வந்ததையெல்லாம் பேசுவாள். பேசலாம், தப்பில்லை. சட்டமே அப்படி. மானி எழுபதுக்குக் கீழே காட்டினால் அது தாழ்வேளை. தாழ்வேளையில் ஒருவர் போட்ட கையெழுத்தும் செல்லாது, திட்டிய திட்டும் செல்லாது. கேட்டவர் மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது.

மருமகளைத் திட்டுவதற்கென்றே அல்வா தின்ற மாமியார்கள் கோயம்புத்தூரில் உண்டு என்று பேச்சு. வசுமதி அவ்வளவு மோசமில்லை. ஆனாலும், கணவனை இழந்து அண்ணன் வீட்டுக்கு வந்த மரகதத்தை இந்தச் சாப்பாடு தொடங்கும்வரை ஒன்பது வருடமாகக் கண்டபடி பேசிவிட்டு மணிக்கட்டைத் தூக்கிக் காட்டியிருக்கிறாள். "செல்லாதுங்க அண்ணி, விடுங்க" என்பாள் மரகதம். அதோடு முடிந்துவிடும்.

அன்று பகல் ஊட்டச்சத்து மையத்திலிருந்து மூன்று பெண்கள் வந்திருந்தார்கள். வசுமதியின் எட்டு மாதக் கோட்டைப் பார்த்து அசந்துபோய், மையத்தின் சமையற்கூடத்தை மரகதம் அங்கேயே தங்கி நடத்த வேண்டும் என்று கேட்க வந்தவர்கள். பேச்சு முழுக்க மரகதத்தைப் பற்றியே போயிற்று. "இப்படிப்பட்ட ஆள அடுப்படியிலயே வெச்சுட்டீங்களே" என்று மூத்தவள் வசுமதியைப் பார்த்துச் சிரித்தாள்.

வசுமதிக்குச் சுருக்கென்றது.

"அவளுக்கு வேற என்னங்க வேல? புருஷன முழுங்கிட்டு வந்து எங்க சோத்துல உக்காந்திருக்கறா. இதுகூடச் செய்யலீன்னா எப்படி?"

மரகதம்தான் முதலில் எழுந்தாள். உள்ளே ஓடி ஆரஞ்சுச் சாற்றோடு வந்தாள். "அண்ணிக்கு இறங்கிருச்சுங்க, பாவம்" என்றபடி அவள் கையைப் பிடித்து மானியைப் பார்த்தாள்.

தொண்ணூற்றிரண்டு.

வசுமதியும் பார்த்தாள். பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது. மரகதம் சட்டென்று அந்தக் கையைத் திருப்பிவிட்டு, விருந்தாளிகளிடம் சொன்னாள்:

"அறுபத்தொண்ணுங்க. செல்லாது."

அவர்கள் அப்பாடா என்று மூச்சு விட்டார்கள். "குடிங்க அண்ணி" என்று டம்ளரை நீட்டினாள் மரகதம். வேண்டாம் என்றால் உண்மை வெளியே வந்துவிடும். மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்க, வசுமதி கடைசிச் சொட்டு வரை குடித்தாள். இனிப்பு தொண்டையில் இறங்க இறங்க உடம்பெல்லாம் கூசியது.

வந்தவர்கள் போன பிறகு அந்தச் சாறு தன் வேலையைக் காட்டியது. நான்கு மணிக்கு வசுமதி சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். கை நடுங்கியது, கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"மரகதம், நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. எம்பட புத்தி கெட்டுப் போச்சு. என்னை மன்னிச்சுரு."

மரகதம் மானியைப் பார்த்தாள். அறுபத்து மூன்று.

"இப்பச் சொல்றது செல்லாதுங்க அண்ணி."

குரலில் கோபம் இல்லை. அரை டம்ளர் சாறும், சர்க்கரை மறுபடி சரியாமல் இருக்க ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் கொடுத்துவிட்டு, எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். "மொதல்ல ஏறட்டும். மையத்துக்கு நாளைக்குப் பதில் சொல்லோணும். நீங்க சொல்றதக் கேட்டுட்டுத்தான் போறதா இருக்கறதான்னு முடிவு பண்ணோணும்."

கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. அழுகையும் நின்றது. மரகதம் எட்டிப் பார்த்தாள்.

"எண்பத்தெட்டு வந்துருச்சு. சொல்லுங்க அண்ணி."

வசுமதி வாயைத் திறந்தாள். தெளிந்த புத்தியோடு இவளிடம் ஒரு நல்ல வார்த்தை பேசியதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எங்கே தொடங்குவதென்றே தெரியவில்லை. மரகதம் கண்ணெடுக்காமல் காத்திருந்தாள்.

"ராத்திரிக்கு என்ன சமையல்?" என்று கேட்டாள் வசுமதி.